புதன்கிழமை வரைக்கும் நாக்கு

என்னோட நாக்குல பாதியைப் புதன்கிழமை வெட்டி எடுக்கப் போறாங்கன்னு கோயமுத்தூர் டாக்டர் சொன்னது, அதுக்கு முந்தின வியாழக்கிழமைங்க. கையில இருந்து தோலும் சதையும் எடுத்து அந்த எடத்துல வச்சுத் தச்சு விடுவாங்களாம். "பேச்சு வரும்மா. ஆனா பழைய மாதிரி வராது. பேச வேண்டியவங்ககிட்ட எல்லாம் இப்பவே பேசிக்குங்க"ன்னார். நல்ல மனுஷன், ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ அந்த நிமிஷம் ஒரே ஒரு மூஞ்சிதான் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. என்ற அண்ணன் சண்முகவேல். இன்னும் ஆறு நாள் முழு நாக்கு இருக்குது, அந்த ஆளை நாலு பேர் முன்னால நிக்க வச்சுக் கேக்காம விடறதில்லைன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

என்ற பேரு சித்ரகலா. வயசு முப்பத்தேழு. முதலிபாளையத்துல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசர். மேசைக்கு ஆயிரம் பீஸ் வந்தாலும் ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை எதுவும் எனக்குத் தப்பாது. தப்பு இருக்கற எடத்துல சின்னதா ஒரு செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். முழுத் துணியையும் கெட்டதுன்னு வீசிற மாட்டோம், கெட்ட எடத்தை மட்டும் காட்டுவோம். வெத்தலை, பாக்கு, பொகையிலை எதையும் நான் தொட்டதில்லை. இதையெல்லாம் இப்ப வாயால சொல்லலீங்க, போன்ல தட்டி எழுதறேன். குறுக்க யாரும் பேச முடியாது, அதுவும் ஒரு சௌகரியம்தான்.

பத்தாவது படிக்கறப்ப எனக்கு ரத்தப் புத்துநோய் வந்துச்சு. மருந்துக்கு அடங்கலை. வெளியூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில ஒடம்பு பூராவும் கதிர் வச்சு, என்ற எலும்பு மஜ்ஜையை அழிச்சுட்டு, அண்ணனோட மஜ்ஜையை எடுத்து எனக்கு ஏத்துனாங்க. அவருக்கு அப்ப இருபத்து மூணு வயசு, கல்யாணமாகி ஆறு மாசம். இடுப்பெலும்புல ஊசி எறக்கி எடுத்தாங்க. ஒரு வாரம் கோணிக்கோணி நடந்தார், ஒரு தடவைகூட மொகஞ்சுளிக்கலை. அதை நான் மறுக்கவே மாட்டேன். செத்திருக்க வேண்டியவ பொழச்சேன், அவராலதான் பொழச்சேன்.

ஆனா அதுக்கப்புறம் "உன்ற ஒடம்புல ஓடறது என்ற ரத்தம் கண்ணு"ன்னு சொல்லாத நாளில்லைங்க. எந்தக் காலேஜ், என்ன கலர் பொடவை, எந்த மாப்பிள்ளை, எல்லாத்துக்கும் அந்த ஒரே பேச்சு. நானும் தலையை ஆட்டிட்டுப் போவேன். உசுரு குடுத்தவர்கிட்ட எப்படிங்க எதிர்த்துப் பேசறது?

என்னைப் பொண்ணு பார்க்க வர்றதுக்கு மொத நாள் சிவன்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். எங்க குடும்பத்துல முருகனுக்கு மேல எதுவும் கெடையாது. அண்ணன் வருஷம் தவறாம தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கறவர். யாவாரத்துல ஆயிரம் பொய் சொல்லுவார், சூடத்து முன்னால மட்டும் சொல்ல மாட்டார். அன்னிக்கு ஒரு தட்டுல சூடத்தைப் பத்த வச்சு என் முன்னால நீட்டுனார். "சீக்கு வந்தது, ஆஸ்பத்திரி போனது, மஜ்ஜை ஏத்துனது, எதையும் எந்த ஜென்மத்துலயும் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. தெரிஞ்சா ஒருத்தனும் கட்ட மாட்டான்"னார். நான் உள்ளங்கையால தீயை அமுக்கி அணைச்சேன். நாலு நாள் கொப்புளம் இருந்துச்சு.

அந்தச் சத்தியத்தை எப்படிக் காப்பாத்துனேன்னு கேளுங்க. பதினஞ்சு வருஷம். கட்டிக்கிட்ட மனுஷன் தங்கராஜ், கட்டிங் மாஸ்டர், தங்கமான ஆளு, அவர்கிட்டக்கூடச் சொல்லலை. கொழந்தை இல்லைன்னு எத்தனை கோயில், எத்தனை ஆஸ்பத்திரி! அங்கேயும் கேப்பாங்க, சின்ன வயசுல ஏதாச்சும் பெரிய சீக்கு உண்டுங்களான்னு. இல்லீங்கன்னு சொல்லுவேன். மாமியார் சாகற வரைக்கும் என்னை ஒரு மாதிரியாத்தான் பார்த்தாங்க.

காரம் எனக்கு ஆகாது. மஜ்ஜை ஏத்துன நாள்ல இருந்தே ஊறுகாய் பட்டா வாய் எரியும். அது சும்மா ஒடம்பு வாகுன்னு நெனச்சுட்டிருந்தேன். போன மார்கழியில நாக்கோரத்துல ஒரு வெள்ளைத் திட்டு வந்துச்சு. பல் டாக்டர்கிட்டப் போனேன். சீட்டு எழுதற புள்ளை, "முன்னாடி ஆபரேஷன், பெரிய சீக்கு ஏதாச்சும் உண்டுங்களாக்கா?"ன்னு கேட்டுச்சு. இல்லீங்கன்னேன். யோசிக்கக்கூட இல்லை, தானா வந்துருச்சு. அந்த டாக்டர் பல்லு கூரா இருக்குது, அது குத்துதுன்னு ராவி விட்டார், பூசறதுக்கு மருந்து குடுத்தார். அவர் மேல எனக்குக் கோவமில்லைங்க, நான் சொன்னாத்தானே அவருக்குத் தெரியும். எட்டு மாசம் பல்லை ராவிட்டே இருந்தோம். திட்டு புண்ணாச்சு, புண்ணு கெட்டியாச்சு, காது வரைக்கும் வலி ஏறுச்சு. பத்தாயிரம் பனியன்ல ஒரு ஊசி ஓட்டையைப் புடிக்கறவ, என்ற வாய்க்குள்ள இருந்ததைக் கோட்டை விட்டுட்டேன்.

ஆவணி பொறந்ததும், அந்த வியாழக்கிழமைக்கு ரெண்டு வாரம் முன்னால, கோயமுத்தூர்ல சதை எடுத்துப் பார்த்து, புத்துநோய்னு சொன்னாங்க. டாக்டர் கேட்டார், "பொகையிலை இல்லை, வயசும் இல்லை. சின்ன வயசுல கதிர் வச்சாங்களாம்மா?" அப்பவும் இல்லீங்கன்னுதான் சொன்னேன்! அவர் பேனாவைக் கீழ வச்சுட்டு, "நீங்க மறைச்சா நான் இருட்டுல வெட்டற மாதிரிம்மா"ன்னார். பக்கத்துல தங்கராஜ் உக்காந்திருந்தார். நான் என்ற வலது உள்ளங்கையைப் பார்த்துட்டே எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

டாக்டர் வெவரமா எடுத்துச் சொன்னார். அடுத்தவங்க மஜ்ஜை உள்ள வந்தா அது சிலருக்கு வாயோடயும் தோலோடயும் வருஷக்கணக்கா சண்டை போட்டுட்டே இருக்குமாம். அந்தக் கதிரும் சேர்ந்து, பத்து இருபது வருஷம் கழிச்சு வேற எடத்துல புத்துநோய் வர்றதுக்கு வழி பண்ணுமாம். எல்லாருக்கும் வராது, ஆனா மத்தவங்களைவிட வாய்ப்பு அதிகம். அதனாலதான் வாழ்நாள் பூராவும் வருஷத்துக்கு ஒருக்கா வாய், தோலு, தைராய்டு, மாரு எல்லாம் பார்க்கச் சொல்லுவாங்களாம். "உங்களுக்கு யாரும் சொல்லலையா?"ன்னு கேட்டார். சொல்லலீங்க, பொழச்சுட்டேன்னு மட்டும்தான் சொன்னாங்கன்னேன்.

வெளிய வந்து அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ரெக்கார்டு பாக்கற அம்மா என் பேரைக் கேட்டதும், "நீங்களேதான் பேசறீங்களா?"ன்னு ஆச்சரியப்பட்டாங்க. "வருஷா வருஷம் தை மாசம் உங்களைக் கூப்பிடறோம்மா. உங்க அண்ணன்தான் எடுப்பார். அவ இங்கேயே காட்டிக்கறா, நல்லா இருக்கறான்னு சொல்லுவார். இந்தத் தையிலயும் அதேதான் சொன்னார்." தையிலங்க! அப்ப திட்டு வந்து ஒரே ஒரு மாசம். ஒரு வார்த்தை, "கண்ணு, ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தத் திட்டை மட்டும் சொரண்டி எடுத்திருப்பாங்க. அந்தம்மா ஒரு தாளையும் போட்டோ புடிச்சு அனுப்புனாங்க. என்னென்ன பார்க்கணும், வாய்ல வெள்ளையா வந்தா அந்த வாரமே வரணும், கொழந்தை பொறக்க வாய்ப்புக் கம்மி, எல்லாம் தமிழ்லயே அச்சடிச்சிருந்துச்சு. அடியில, பெற்றுக்கொண்டேன்னு அண்ணன் கையெழுத்து. தேதி, என்ற கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி.

தங்கராஜ் அந்தத் தாளை ரெண்டு தடவை படிச்சார். ரெண்டு நாள் என்கூடப் பேசலை. மூணாம் நாள் காத்தால டீ குடிச்சுட்டே, "எங்கம்மா சாகற வரைக்கும் உன்னையத்தான் குத்தம் சொன்னா. நானும் ஒரு தடவை சொன்னேன். எங்க ரெண்டு பேரையும் பாவிகளாக்கிட்டாரே"ன்னு அழுதார். அண்ணனை விட மாட்டேன்னு எனக்கு மொதல் மொதல் தோணுனது அப்பத்தான்.

இதுக்கெல்லாம் நடுவுல, அண்ணன் மக கிருத்திகாவுக்கு ஞாயித்துக்கிழமை பெருமாநல்லூர் மண்டபத்துல நிச்சயம். காதர்பேட்டையில பனியன் கடை வச்சிருக்கற அண்ணனுக்கு, எக்ஸ்போர்ட் பண்ற சென்னியப்பன் ஊட்டுச் சம்பந்தம்னா சும்மாவா? மூணு மாசமா தரையில கால் படாம நடந்துட்டிருந்தார். கிருத்திகா என்ற மடியில வளந்தவ. வெள்ளிக்கிழமை அவளே கூப்பிட்டு, "அத்தை, உங்களுக்குக் காரமே போடாம தனியா சமைக்கச் சொல்லிட்டேன், வராம இருந்துறாதீங்க"ன்னா. அதைக் கேட்டதும் மனசு எளகிருச்சு. போச்சாது, நிச்சயம் முடியட்டும், அவரை அப்புறம் பார்த்துக்கலாம்னு நெனச்சேன்.

சனிக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். புதன்கிழமை ஆபரேஷன்னு அவருக்குத் தெரியும். எப்படி இருக்கறே, பயமா இருக்குதா, ஒண்ணும் கேக்கலை. "கண்ணு, நாளைக்கு ஒறம்பரை, சொந்தம் எல்லாம் வருவாங்க. பல்லு ஆபரேஷன்னு சொல்லிரு. முருகன் முன்னால சத்தியம் பண்ணியிருக்கறே, மறந்துறாதே. என்ன இருந்தாலும் உன்ற ஒடம்புல ஓடறது என்ற ரத்தம்."

"சரிங்ணா"ன்னேன். எளகுன மனசு அந்த ஒரு போன்ல இறுகிப் போச்சுங்க. கடைக்குப் போய் ஒரு டப்பா சூடம் வாங்கிட்டு வந்தேன்.

மண்டபத்துல எரநூறு பேர் இருப்பாங்க. கிருத்திகா மாம்பழ மஞ்சள் பட்டுல அம்சமா உக்காந்திருந்தா. தட்டு மாத்தறதுக்கு முன்னால, பொண்ணோட அத்தை வந்து வெளக்குக்குச் சூடம் காட்டட்டும்னு அய்யர் கூப்பிட்டார். எனக்கு வேற நேரமே வேண்டியிருக்கலை. சூடத்தைப் பத்த வச்சேன். வெளக்குக்குக் காட்டிட்டு, திரும்பி நேரா அண்ணன் முன்னால போய் நின்னு தட்டை நீட்டுனேன்.

"அண்ணா, ஒரே ஒரு கேள்விங்க. எனக்கு மஜ்ஜை ஏத்துன ஆஸ்பத்திரியில இருந்து, தங்கச்சியைக் கூட்டிட்டு வாங்கன்னு பதினஞ்சு வருஷமா வந்த போன், உங்களுக்கு வரவே இல்லைன்னு சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுங்க. பண்ணீட்டீங்கன்னா உங்க கால்ல விழுந்துட்டுப் போயிடறேன்."

மேளம் நின்னு போச்சு. அண்ணன் சிரிச்சு மழுப்பப் பார்த்தார். "என்ன சித்ரா இது, ஊட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"புதன்கிழமைக்கு மேல பேச நாக்கு இருக்காதுங்ணா. பாதியை வெட்டறாங்க. பல்லு ஆபரேஷன் இல்லீங்க, புத்துநோய்." கூட்டத்தைப் பார்த்து, சின்ன வயசுல சீக்கு வந்ததுல இருந்து தையில வந்த போன் வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். ஒரு எடத்துலகூடக் கத்தலை. கம்பெனியில தப்பு வந்த பீஸை மேனேஜர் முன்னால விரிச்சுக் காட்டற மாதிரி, ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டுனேன். தங்கராஜ் பின்னால வந்து நின்னுக்கிட்டார். அந்தத் தாளோட போட்டோவையும் போன்ல எடுத்துக் காட்டுனார்.

சூடம் எரிஞ்சு எறங்கிட்டே இருந்துச்சு. அண்ணன் கையைத் தூக்கினார், தீக்கு மேல கொண்டு வந்தார். அந்தக் கை அங்கேயே நின்னுருச்சு. நெத்தியில திருநீறு வேர்வையில கரையுது. எரநூறு பேர் பார்த்துட்டிருந்தாங்க. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? குளுகுளுன்னு இருந்துச்சுங்க. பொய் சொல்லி என்னத்துக்கு.

கையைக் கீழ எறக்கிட்டார். "வந்துச்சு. சொல்ல மறந்துட்டேன் கண்ணு"ன்னார்.

மறந்துட்டாராம். பதினஞ்சு தை மாசம் மறந்துட்டாராம்!

மாப்பிள்ளையோட அப்பா சென்னியப்பன் எந்திரிச்சு, இது வம்சாவழிச் சீக்கான்னு கேட்டார். "இல்லீங்க. என்ற சீக்கு என்னோட. கிருத்திகாவுக்கு ஒரு கொறையும் இல்லை, அவளுக்கு இது எதுவும் தெரியவும் தெரியாது"ன்னு அடிச்சுச் சொன்னேன். அம்பு ஸ்டிக்கரைத் தப்பு இருக்கற எடத்துல மட்டும்தானே ஒட்டணும். ஆனாலும் அவங்க தட்டு மாத்தலை. யோசிச்சுச் சொல்றோம்னு சாப்பிடாமக்கூடக் கெளம்பிட்டாங்க. கிருத்திகா என்னை நிமிந்துகூடப் பார்க்கலை. அது ஒண்ணுதான் வலிச்சுது, நாக்கைவிட.

செவ்வாய்க்கிழமை காத்தால ஆஸ்பத்திரியில சேந்தேன். கட்டில்ல உக்காந்து மொதல் வேலையா மாப்பிள்ளையோட அம்மா முத்தாயிக்குப் போன் போட்டேன். அரை மணி நேரம், நாக்கு எரிய எரியப் பேசுனேன். கோவம் அண்ணன் மேலங்க, அந்தப் புள்ளை மேல ஏத்தாதீங்கன்னு கெஞ்சுனேன். டாக்டர் நம்பரும் குடுத்தேன். பதினோரு மணிக்கு அவங்களே திருப்பிக் கூப்பிட்டாங்க. "டாக்டர்கிட்டப் பேசிட்டோம் சித்ரா. எங்க பையனும் புடிச்ச புடியில நிக்கறான். பொண்ணை எடுத்துக்கறோம், தேதி பார்த்துரலாம். உங்க அண்ணன்கிட்டப் பேசத்தான் எங்களுக்கு மனசு வரலை, நீங்களே சொல்லிருங்க"ன்னாங்க. நிம்மதியா அழுதேன்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். ரெண்டு நாள்ல பத்து வயசு கூடுன மாதிரி இருந்தார். தங்கராஜ் எந்திரிச்சு வெளிய போயிட்டார். கட்டில் ஓரத்துல உக்காந்து அண்ணன் ஆரம்பிச்சார். "நான் உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு பண்ணுனேன். தெரிஞ்சா உன்னைய வாழாவெட்டியா அனுப்பிருவாங்கன்னு பயந்தேன். வருஷம் போகப் போக, நீ நல்லாத்தானே இருக்கறேன்னு விட்டுட்டேன்." அது நெசமாத்தான் இருக்கும். பயந்திருப்பார். எனக்கு ஒரு நொடி பாவமாக்கூட இருந்துச்சு.

அப்புறம் சொன்னார். "நாளைக்கு உனக்கு வாய் வராது. இப்பவே சென்னியப்பனுக்கு ஒரு போன் போட்டு, சீக்கு பயத்துல ஒளறிட்டேன்னு சொல்லிரு கண்ணு. ஒரு வார்த்தை. கிருத்திகா வாழ்க்கை உன்ற வாய்லதான் இருக்குது." என்ற காலைப் புடிச்சுட்டு அழுதார். "அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா நான் செத்தே போயிருவேன்."

மறுபடியும் என்ற வாயை அவர் சௌகரியத்துக்குத்தான் கேட்டாரே தவிர, அது வலிக்குதான்னு கேக்கலை. அவருக்கு வேண்டிய சேதி என்ற வாய்க்குள்ளயே இருந்துச்சு. காத்தால பதினோரு மணியில இருந்து இருந்துச்சு. சொல்ல நாக்கும் இருந்துச்சு, முழுசா. நான் அவர் மூஞ்சியைப் பார்த்துட்டே, வாயை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவர் கேட்டுக் கேட்டுப் பார்த்தார், கெஞ்சுனார், திட்டுனார், திரும்பக் கெஞ்சுனார். பதினஞ்சு வருஷம் மூடிப் பழகுன வாயி, அரை மணி நேரம் மூடறதுக்கு என்னங்க கஷ்டம்? எந்திரிச்சு, செருப்பைக்கூடச் சரியா மாட்டாம போனார்.

புதன்கிழமை ஒம்பது மணி நேரம் ஆபரேஷன். வெள்ளிக்கிழமை கண்ணு நல்லாத் தெளிஞ்சப்ப, மூக்குல குழாய், தொண்டையில குழாய், கையில பெரிய கட்டு. தங்கராஜ் என்ற போனைக் குடுத்தார். கிருத்திகாகிட்ட இருந்து வியாழக்கிழமை ஒரு மெசேஜ் வந்திருந்துச்சு. "அத்தை, நீங்க அவங்கம்மாகிட்டப் பேசுனதை எல்லாம் மாப்பிள்ளை எங்கிட்டச் சொல்லிட்டார். அப்பா மூணு நாளா சாப்பிடலை, தூங்கலை. அப்பாகிட்ட நான் இன்னும் சொல்லலை. நீங்களே சொல்லுங்க." அதை நாலஞ்சு தடவை படிச்சேன்.

பத்து மணிக்கு அண்ணன் வந்தார். தாடி, கசங்குன வேட்டி. என்ற வாயைப் பார்த்துட்டுக் கட்டில் கம்பியைப் புடிச்சுக்கிட்டார். நான் தங்கராஜைப் பார்த்துக் கையைக் காட்டுனேன். அவர் போனைப் புடிச்சுக்கிட்டார், நான் இடது கை விரலால ஒவ்வொரு எழுத்தாத் தட்டுனேன். தட்டி முடிச்சு, அண்ணன் பக்கமாத் திருப்பிக் காட்டச் சொன்னேன்.

"முத்தாயி அக்கா செவ்வாய்க்கிழமை காத்தாலயே சம்மதம்னு போன் பண்ணிட்டாங்க. சொல்ல மறந்துட்டேனுங்ணா."